தசைக்குள் ஐந்து விரல்கள்

பேய் வீடு என்று எங்காவது கதை கிளம்பினால் பத்திரிகையில் என்னைத்தான் அனுப்புவார்கள். மறிச்சுக்கட்டி வரை போய்ப் பார்த்திருக்கிறேன். கழன்ற தகரம், மரநாய், அவ்வளவுதான். எனக்கு இவற்றில் நம்பிக்கை இருந்ததில்லை. இதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கலாம், ஆனால் நடந்தது.

போர் முடிந்து நாங்கள் ஊரில் மீள்குடியேறிய இரண்டாம் வருடம், நானாட்டானில் இருக்கும் என் அக்காவின் கணவரைக் கொழும்புக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். போரில் விழுந்த செல் குண்டில் காயப்பட்ட அவருடைய வலது கால் சூம்பிக்கொண்டே வந்தது. தொடைத் தசைக்குள் எவ்வளவு கொழுப்பு ஏறியிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. படத்தில் அளக்க வேண்டும். தசை மிஞ்சியிருந்தால் ஒப்பரேஷன் செய்து நடக்கவைக்கலாம், கொழுப்பாகிவிட்டால் அந்தக் கால் அவ்வளவுதான் என்றார் டொக்டர். அத்தானுக்கு வயலை விட்டால் வேறு தொழில் இல்லை.

படிவத்தில் ஒரு கேள்வி: உடம்பில் இரும்புத் துண்டு உண்டா? அத்தான் உடனே இல்லை என்றார். போர் முடிந்து எங்களை அடைத்த முகாமில் இதே கேள்விக்கு ஓம் என்றவர்களைப் போராளிகள் என்று ஆமிக்காரர் வரிசையிலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் யார் கேட்டாலும் இல்லை என்பார்கள். அத்தானின் கெண்டைக்காலில் செல் துண்டு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் 'இல்லை' என்று எழுதியது நான்தான்.

காந்தக் குழாய்க்குள் போகும்போது அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். படம் முடிந்து படுக்கை வெளியே வரும்போதுதான் அலறினார். காந்தம் இழுத்த துண்டு சதையைக் கிழித்து, தோலைப் பிய்த்துக்கொண்டு பாதி வெளியே நின்றது. விரிப்பெல்லாம் இரத்தம்.

காயத்தைக் கட்டிய பிறகு, படமெடுத்த யாழ்ப்பாணத்துப் பெண் எங்களுக்குத் தொடையைக் காட்டினாள். தசை கறுப்பு, கொழுப்பு வெள்ளை. முழங்காலுக்கு மேலே ஐந்து வெள்ளைக் கோடுகள். நான்கு ஒரு பக்கம், தடித்த ஒன்று எதிர்ப்பக்கம்.

"ஆரோ உங்கட கால இறுக்கிப் பிடிச்ச மாதிரியெல்லோ கிடக்கு, ஐயா" என்று சிரித்தாள்.

அத்தான் வெளியே வந்து வாங்குப் பலகையில் குந்திய பிறகுதான் சொன்னார். செல் விழுந்த அன்று, வயிறு கிழிந்துகிடந்த அவருடைய தம்பி ரூபன் அந்தத் தொடையைப் பிடித்தவன் விடவில்லையாம், அடுத்த செல் கூவிக்கொண்டு வந்ததாம்.

"மற்றக் காலால முகத்தில உதைச்சனான், மச்சான். பல்லு உடைஞ்ச சத்தம் கேட்டது. அப்பவும் விடேல்ல. விரல ஒவ்வொண்டா முறிச்சுப்போட்டுத்தான் ஓடினனான்."

தசை போதுமான அளவு மிஞ்சியிருந்தது. இரும்பை எடுத்தார்கள், ஒப்பரேஷனும் நடந்தது, அத்தான் வயலுக்குள் இறங்கினார். ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, கொழுப்பு துளியும் கூடவில்லை, சந்தோஷமாகப் போங்கோ என்றார் டொக்டர்.

வீட்டில் இரண்டு படங்களையும் ஜன்னலில் ஒட்டி, ஓரத்திலிருந்த அளவுக்கோட்டை வைத்து அளந்தேன். முதல் படத்தில் அந்தத் தடித்த கோடு, கைப் பெருவிரல், முழங்காலுக்கு ஆறு சென்ரிமீற்றர் மேலே. இரண்டாவதில் பதினொன்று. மூன்று தரம் அளந்தேன். மூன்றாவது படத்துக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். அத்தானை நான் கூட்டிப்போகவில்லை.