ஆரியசாலை ரைபிள்

நான் பல் டாக்டர். கரமனையில் இருபத்தைந்து வருஷமாக ஊர்க்காரர்களின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது தொழில். பழைய துப்பாக்கிகளின் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது பொழுதுபோக்கு. இரண்டும் ஒரே வேலைதானே என்று என் தங்கை கேலி செய்வாள். ஒரு வித்தியாசம் உண்டு. துப்பாக்கி வலிக்கிறது என்று என் கையைப் பிடித்து இழுக்காது.

சேகரிப்பு என்றதும் சுவர் முழுக்க மாட்டி வைத்திருப்பேன் என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் இருப்பது மூன்றே மூன்று. அந்த மூன்றுக்கும் லைசென்ஸ் வாங்கக் கலெக்டரேட்டுக்கு நடந்த நடையில் பழனிக்கே போய் வந்திருக்கலாம். மற்றபடி நான் பார்த்ததெல்லாம் பிறர் வீட்டுத் துப்பாக்கிகள். பரணிலும் பீரோவுக்குப் பின்னாலும் கிடப்பதை எடுத்து வைத்துக்கொண்டு, இது என்ன, எந்தக் காலத்தது என்று கேட்கக் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

முதல் துப்பாக்கி பதினாறு வருஷத்துக்கு முன்னால் வந்தது. ஆரியசாலையில் ஒரு பழைய மிளகு மண்டியை இடித்துக் கட்டினார்கள். அங்கே காவலுக்கு வைத்திருந்த ரைபிள். குழலின் வாய் வழியாகவே வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் பழைய வகை. குழலுக்குள் திருகு திருகாக வரி ஓடும். அந்த வரி இருந்தால்தான் ரைபிள், இல்லாவிட்டால் வெறும் துப்பாக்கி. இதை மாற்றிச் சொல்கிறவர்களை நான் பாதியில் நிறுத்தித் திருத்துவேன். எனக்கு அந்தக் கெட்ட குணம் உண்டு. மண்டிக்காரர், "சும்மா காட்சிக்கு இருந்ததும்மா, எங்கப்பா காலத்துலயே யாரும் தொடலை" என்றார். நம்பினேன்.

என் கணவர் விழிஞ்ஞத்துத் துறைமுகத்தில் என்ஜினியர். அப்போது வேறு கம்பெனியில் இருந்தார். ரைபிளை ஹாலில் மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எங்க வேணும்னாலும் மாட்டிக்கோ. ஆனா இதால ஒருத்தருக்கும் ஒண்ணும் வராதுன்னு நீ சொல்லணும், கேட்டியா? நீ சொன்னா எனக்குப் போதும்."

"வராது" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் பதினாறு வருஷம் அதன் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

அவர் செய்கிற ஒரு காரியம் மட்டும் எனக்குப் பிடிக்காது. ஆயுத பூஜைக்கு அவருடைய ஸ்கூட்டர், என்னுடைய பல் பிடுங்கும் கொறடு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைக்கும்போது ரைபிளுக்கும் தாராளமாக அப்புவார். இரும்புக்கு ஈரம் ஆகாது என்று வருஷா வருஷம் கத்துவேன். வருஷா வருஷம் அப்புவார்.

பிறர் வீட்டில் துப்பாக்கி பார்க்க எனக்கு ஒரு முறை இருக்கிறது. பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி, ஒரு டார்ச், ஒரு நீண்ட மரக்கம்பி. மற்ற எதற்கும் முன்னால் கம்பி. அதைக் குழலுக்குள் இறக்கி, முட்டி நிற்கும் இடத்தில் குழல் வாயை ஒட்டிக் கட்டைவிரலால் பிடித்துக்கொள்வேன். பிறகு வெளியே எடுத்துக் குழலின் மேலேயே வைத்துப் பார்ப்பேன். கம்பி அடிவரை எட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. எட்டாவிட்டால் உள்ளே யாரோ எப்போதோ போட்ட மருந்தும் குண்டும் இன்னும் இருக்கிறது. போட்டவர் செத்துச் சாம்பலாகியிருப்பார், மருந்து காத்துக்கொண்டிருக்கும். இதை ஒவ்வொரு வீட்டிலும் பிரசங்கம் மாதிரி சொல்வேன்.

போன மாசம் கோட்டைக்குள் ஓர் அக்ரஹாரத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு மாமியின் மாமனார் மலைத்தோட்டத்தில் மானேஜராக இருந்தபோது வைத்திருந்த துப்பாக்கி. கம்பி அடிவரை போயிற்று. பிரசங்கத்தை முடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மாமி கேட்டார்: "உங்காத்துல இருக்கறதையும் இப்பிடித்தானே நோக்கியிருப்பேள்?"

"பின்னே!" என்றேன்.

திரும்பும் வழியில் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைக்கிற கூட்டத்தில் என் ஸ்கூட்டர் நின்றது. அப்போதுதான் மாமியின் கேள்வி உள்ளே இறங்கியது. இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்த்திருக்கிறேன். முதலாவதைப் பார்க்கவில்லை. அது வந்தபோது எனக்குக் கம்பி வித்தையே தெரியாது. அதைக் கற்றுக்கொண்ட காலத்தில் அந்த ரைபிள் நாற்காலி, மேஜை மாதிரி வீட்டுச் சாமானாகியிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் அதை இறக்கிக் கம்பியை விட்டேன். வெளியே எடுத்துக் குழல்மேல் வைத்தேன். நாலு விரற்கடை குறைந்தது. சரியாகப் பிடிக்கவில்லை என்று மறுபடி செய்தேன். அதே நாலு விரற்கடை.

கணவருக்குப் போன் போட்டேன். அன்றைக்கு அவருக்கு டியூட்டி. பின்னால் கிரேன் சத்தம். "ஆரியசாலை ரைபிள்ல மருந்து இருக்கு. இத்தனை வருஷமும் இருந்திருக்கு. உள் ரூம்ல வச்சுப் பூட்டிட்டேன். வந்தா அதத் திறக்காதீங்க" என்றேன். அவர், "சரி" என்றார். கிரேன் சத்தத்தில் முழுசாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தத் தீபாவளி ஞாபகம் வந்தது.

ரைபிள் வந்த மறுவருஷம். வீடு நிறைய சொந்தக்காரர்கள். இது எப்படி வெடிக்கும் என்று யாரோ கேட்டார்கள். எனக்குக் கேட்க வேண்டுமா? விசையை இழுத்தால் குதிரை என்கிற சின்னச் சுத்தியல் வந்து அடிக்கிற இடத்தில் ஒரு சின்ன இரும்புக் குமிழ் உண்டு. அதன் நடுவில் ஊசித் துளை. குமிழின்மேல் மூடி மாதிரி வைக்கிற கேப் என்ற சின்ன வெடி வெடித்ததும் நெருப்பு அந்தத் துளை வழியாக உள்ளே இருக்கும் மருந்துக்குப் போகும். இதை வாயால் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் பிள்ளைகளின் பொட்டு வெடியில் ஒன்றைக் கிழித்துக் குமிழின்மேல் வைத்து விசையை இழுத்தேன். 'டப்' என்றது. எல்லாரும் கைதட்டினார்கள். மூன்று தடவை செய்தேன். ரைபிளை சோபாக் கையில் சாய்த்து வைத்திருந்தேன். குழலுக்கு நேர் எதிரே பிரம்பு நாற்காலியில் என் கணவர்.

போன் பேசிய அன்று ராத்திரி அவர் வந்து சாப்பிட்டுப் படுத்தார். அந்தத் தீபாவளியைப் பற்றி நான் சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டேஷனில் தகவல் சொல்லிவிட்டு, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்க்காரர் ஒருவரை வரவழைத்தேன். பல் பிடுங்குகிற கைதானே, நானே எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. அந்தத் திமிரை அடக்கிக்கொண்டு கொல்லையில் தள்ளி நின்றேன். அவர் குழலில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, முனையில் திருகு உள்ள கம்பியால் ஒவ்வொன்றாக இழுத்தார். குண்டு நகராமல் அடைத்திருந்த தென்னை நார் வந்தது. ஈயக் குண்டு வந்தது. பிறகு கறுப்பாக மருந்து. எண்ணெய் படாத அடி மருந்தில் ஒரு சிட்டிகையைத் தூரத்தில் கல்லின்மேல் வைத்துத் தீக்குச்சியை நீட்டினார். 'புஸ்' என்று ஆள் முட்டி உயரத்துக்கு எரிந்தது.

அப்புறம் குமிழைக் கழற்றி, ஊசியால் துளையைக் குத்தி, வந்த தூளை உள்ளங்கையில் தட்டி மோந்து பார்த்தார். "மேடம், இது சந்தனமாணு" என்றார். "துளை முழுவன் அடஞ்ஞிருக்குந்து. அதுகொண்டு ரக்ஷப்பெட்டு."

துளை சந்தனத்தால் அடைபட்டிருந்தது. அதனால் பிழைத்தோம். ஊரார் பல்லில் இருக்கிற ஓட்டையெல்லாம் குத்திப் பார்க்கிறவள், பதினாறு வருஷமாக அந்த ஒரு ஓட்டையைக் குத்திப் பார்க்கவில்லை. பார்த்துச் சுத்தமாக வைத்திருந்தால் அந்தத் தீபாவளியோடு எங்கள் வீடு முடிந்திருக்கும். 

சாயங்காலம் அவர் வந்து காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். மருந்து எடுத்ததை, சந்தனத்தை, எல்லாம் சொன்னேன். சந்தனத்தைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இதோடு விட்டுவிடலாம் என்று ஆசை வந்தது. ஆனால் 'வராது' என்று சொன்னவள் நான்தானே.

"இன்னொண்ணு இருக்கு. அந்தத் தீபாவளிக்கு நான் பொட்டு வெடி வச்சு அடிச்சேன்ல. அப்போ குழல் உங்களப் பாத்துதான் இருந்துச்சு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்னைப் பாத்து மட்டும் இல்ல."

"அந்தப் பிரம்பு நாற்காலிலதான இருந்தீங்க?"

"முதல் தடவை இருந்தேன். அப்புறம் மத்தாப்பு எடுக்க உள்ள போனேன். திரும்பி வந்தப்ப உன் தங்கச்சி மக அதுல ஏறி உக்காந்திருந்தா. இன்னொரு தடவை பெரியம்மா, இன்னொரு தடவைன்னு கைதட்டினது அவதான்." பிறகு சொன்னார்: "நேத்து நீ போன்ல சொன்ன உடனே எனக்கு அதுதான் ஓர்மை வந்தது."

அப்போது அவளுக்கு ஐந்து வயது. அந்தக் குரல் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எப்படியோ மறந்திருந்தேன். ஒரு நாள் முழுக்க இதை மனசில் வைத்துக்கொண்டுதான் அவர் டியூட்டி பார்த்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"தங்கச்சிட்ட சொல்லணும்" என்றேன்.

"ஒண்ணும் ஆகலையே. சொல்லி அவ மனசையும் எதுக்குப் புண்ணாக்கணும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயம் எனக்கு வசதியாக இருந்தது, அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டேன். நாலு விரற்கடையிலிருந்து நாற்காலி வரை ஒன்று விடாமல் சொன்னேன்.    

தங்கை கேட்டு முடித்ததும், "அவ லீவுக்கு வந்திருக்கா. இங்க பக்கத்துலதான் நிக்கா. குடுக்கட்டா?" என்றாள்.

 நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து, "யாரும்மா, பெரியம்மாவா?" என்று அவள் குரல் கேட்டது. போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன்.