பாட்டிலுக்கு ஆற்றுத் தண்ணீர்

அன்றைக்குப் பிரசவ வார்டில் இருந்தவர்கள்: நர்ஸம்மா ஒருவர், ஆயா ஒருத்தி, கட்டிலில் என் மதினி, கீழே பாயில் நான், எதன் மேலும் படாமல் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் என் பெரியம்மா, வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன். அப்புறம், மருந்துப் புட்டிகள் வந்திறங்கிய பலகைப் பெட்டிக்குள் பஞ்சு பரப்பிக் கிடத்தியிருந்த பெண்குழந்தை. பிறந்து ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தது. மொத்தம் ஏழு பேர். மற்ற மூன்று கட்டில்களும் காலி.

காலியாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் பிரசவத்துக்கென்று சர்க்கார் ஆஸ்பத்திரியைத் தேடி யாரும் போவதில்லை. ஊர் மருத்துவச்சி கையை விரித்த பிறகுதான் வண்டி பூட்டுவார்கள். மதினிக்கு எட்டாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று சொல்லிவிட்டு மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டாள். இதற்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அண்ணன் மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, எங்களை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். என் வீட்டுக்காரர் கொழும்பில் கடைச் சிப்பந்தி. அதனால் நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். சின்னதிலிருந்தே எதற்கும் பயப்படுகிற சுபாவம். பயம் வந்தால் எதையாவது எண்ணுவேன். வண்டியில் வரும்போது மைல் கற்களை எண்ணினேன். வார்டில் குழந்தையின் மூச்சை எண்ணினேன்.

டாக்டர் காலையில் ஒரு தரம் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ம்" என்றார். போய்விட்டார். மீதியெல்லாம் நர்ஸம்மாவின் பொறுப்பு. கட்டுப்போடுகிற அறை, மருந்துக்கு நிற்கிற கூட்டம், பிரசவ வார்டு மூன்றுக்கும் அவர் ஒருவர்தான். நின்று பேச அவருக்கு நேரம் கிடையாது. நடந்துகொண்டே சொல்வார்.

"மூணு பாட்டில். ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, கால்மாட்டுல ஒண்ணு. துணி சுத்தி வைக்கணும். மணிக்கு ஒரு தடவ வெந்நி மாத்தணும். பிள்ளைக்கு மருந்து மாயமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, சூடுதான். பெட்டிக்குள்ள கூதல் தட்டிச்சுன்னா பிறகு என்னைக் கேக்காத."

மார்கழி மாதம். ஆற்றுப் பக்கமிருந்து வருகிற காற்று ஜன்னல் வழியாக நேரே பெட்டியின் மேல்தான் விழுந்தது. ஜன்னலுக்குக் கதவு ஒன்றுதான். மற்றது எங்கே போயிற்றென்று ஆயாவுக்கும் தெரியாது.

பக்கத்துச் சின்ன அறையில் ஓர் அண்டாவில் எந்நேரமும் வெந்நீர் கொதித்தபடி இருக்கும். அது ஆயாவின் வசம். அவள் கடலோரத்து உவரிக்காரி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. அங்கேதான் காரியம் தடைப்பட்டது. பெரியம்மா வாசலிலிருந்தே சொல்லிவிட்டாள்.

"ஏளா, மீன் திங்கிற கை அது. அந்தக் கையால மொண்டு ஊத்துத தண்ணியா நம்ம பிள்ளைக்கு?"

"குடிக்கவா குடுக்கோம் பெரியம்மா? பாட்டிலுக்குள்ளதான இருக்கும். கார்க்கு வச்சு அடைச்சிருக்கே."

"கார்க்கு ஒழுகாதுன்னு நீ கண்டியா? ஒரு சொட்டு மேல பட்டாலும் பட்டதுதான். நம்ம பானை, நம்ம அடுப்பு, ஆத்துத் தண்ணி. வேற பேச்சு கிடையாது."

அம்மா போன பிறகு எங்களை வளர்த்தவள் பெரியம்மா. அவள் சொல்லுக்கு மேல் சொல் சொல்லி அண்ணனுக்கும் பழக்கமில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டினான். முந்தின நாள் மழையில் விறகு நனைந்திருந்தது. ஊதி ஊதி அவன் கண் சிவந்துபோயிற்று. தண்ணீர் கொதிக்க ஒரு நேரம், அதை நான் முற்றத்தைக் கடந்து தூக்கி வர ஒரு நேரம். பாட்டிலில் ஊற்றித் துணியைச் சுற்றும்போது என் கைக்கே சூடு உறைக்கவில்லை.

ஆயா துடைப்பத்தை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்துலேருந்து மரத்தடிக்கு, மரத்தடியிலேருந்து இங்கன. அம்புட்டு தூரம் நடந்தா தண்ணிக்கும் களைச்சுத்தான போவும்?" என்றாள்.

வாசலில் இருந்த பெரியம்மா காது கேளாதவள் போல ஆகாயத்தைப் பார்த்தாள்.

மூன்றாவது தடவை பாட்டில் மாற்றும்போது குழந்தையின் பாதத்தைப் பார்த்தேன். நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம். மூச்சை எண்ணினேன். எண்ணிக்கைக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. அடுத்த எண் வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அவர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார்.

"இது வெந்நியா? கை கழுவுத தண்ணி. ஏம்மா, நான் காலையில யாருகிட்ட சொன்னேன்? செவுத்துகிட்டயா?"

பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் கட்டுப்போடுகிற அறையிலிருந்து கூப்பிட்டார்கள். "இப்பமே மாத்து" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். பெரியம்மா குளிக்க ஆற்றுக்குப் போயிருந்தாள். அண்ணன் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். புகைதான் வந்தது.

மூன்று பாட்டில்களையும் மடியில் கட்டிக்கொண்டு அண்டா அறைக்குள் போனேன்.

"கொஞ்சம் ஊத்திக் குடுங்க."

"ஆச்சி எங்க?"

"குளிக்கப் போயிருக்காவ."

"வந்து கேட்டா என் பேர எடுப்பியா? என் பொழப்புல மண்ணப் போட்டுராத பிள்ள."

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை உயிரோடு வீட்டுக்குப் போனால் ஆயாவுக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஆண் என்றால் ஒரு ரூபாய், பெண் என்றால் எட்டணா. எழுதி வைத்த விதி அல்ல. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அதை அவள் கேட்பதற்கு முன்னால் நானே, "வீட்டுக்குப் போவும்போது ஒரு ரூவா தாரேன்" என்றேன்.

"பொட்டப்பிள்ளைக்கு ஒரு ரூவாயா? யம்மாடி, கொழும்புப் பணம்லா பேசுது!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாட்டிலை நிரப்பினாள். முந்தானையில் முடிந்திருந்த நாலணாவை அவிழ்த்து, முதலில் இதை வைத்துக்கொள் என்று கொடுத்தேன். அவள் கையில் படும்படியாகத்தான் கொடுத்தேன்.

பாட்டிலை அவள் அப்படியே பெட்டிக்குள் வைக்கவில்லை. துணியைச் சுற்றித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு அதிகமென்று இன்னொரு சுற்றுச் சுற்றினாள். மறுபடியும் கன்னத்தில் வைத்தாள். பிறகு காற்று வருகிற பக்கத்தில் ஒரு பழைய கம்பளியைத் தொங்கவிட்டாள். மதினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இருநூறு மூச்சு எண்ணுவதற்குள் பாதத்தின் நிறம் மாறத் தொடங்கியது. மத்தியானத்துக்கு மேல் குழந்தை பூனைக்குட்டி போல ஒரு சத்தம் கொடுத்தது. மதினி பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, பாலாடையில் நான்கு சொட்டு விட்டேன். மூன்று உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் அங்கே இருந்தோம். பெரியம்மா சத்திரத்தில் சமைத்து, நேரத்துக்கு ஒரு தடவை வந்து போனாள். அண்ணன் தினமும் ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து காய்ச்சிக் கொடுத்தான். அதை வாங்கிப் போய்ப் பின்பக்கத்துச் சாக்கடையில் பைய ஊற்றினேன். சத்தம் கேட்கக்கூடாதென்று ஓரமாகச் சாய்த்து ஊற்றுவேன். பாட்டிலுக்கு அண்டாத் தண்ணீர். ஆயா ஒரு நாள் தவறவில்லை. அவள் கன்னத்தில் பாட்டில் வைத்த இடம் சிவந்து கறுத்திருந்தது.

வீட்டுக்குப் புறப்பட்ட அன்று பெரியம்மா ஒரு நாலணாவை எடுத்து, மேலே படாமல் ஆயாவின் கைக்கு மேலிருந்து போட்டாள். வண்டியேறும்போது ஆயா என் பக்கத்தில் வந்து, "ஆச்சி தந்தது கூட்டிப் பெருக்குனதுக்கு. தண்ணிக்கு உள்ளது வேற, மறந்துராத" என்றாள் மெதுவாக. நான் தலையாட்டினேன். என்னிடம் காசில்லை. அண்ணனிடம் கேட்டால் எதற்கென்று கேட்பான்.

ஊரில் பெரியம்மா எல்லோரிடமும் சொன்னாள்: "ஆத்துத் தண்ணிதான் எங்க பிள்ளையக் காப்பாத்திச்சு. ஆஸ்பத்திரித் தண்ணி ஒரு சொட்டு படவிடல்ல." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த வருஷங்களில் எங்கள் தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டு வண்டிகளில் குடமும் விறகும் ஏறியதைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் என்னவாயின என்று விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து பணம் வந்த பிறகு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்டா அறையில் வேறு ஒருத்தி இருந்தாள். பழைய ஆயா உவரிக்கே போய்விட்டதாகச் சொன்னாள். மதினியின் மகளுக்குத் திருச்செந்தூரில் முடியிறக்கப் போனபோது, கடற்கரையில் நின்று, இங்கிருந்து உவரி எவ்வளவு தூரம் என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். எதற்கு என்று பெரியம்மா கேட்டாள். சும்மாதான் என்றேன்.

ஆயாவுக்கு நான் இன்னும் தரவேண்டியது பன்னிரண்டு அணா.