பக்கத்துக் கடைக்குக் கிடைத்த ஸ்டே

இன்று உத்திரமேரூர் பஜாரில் என் வயிறு எரிந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தையல் கடை செல்வியும், ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த நானும் ஒரே ஓனரிடம் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் வாடகைக்கு இருந்தோம். காலி செய்யச் சொல்லி அவர் எங்கள் இருவர் மேலும் கேஸ் போட்டார். இருவருமே தோற்றோம். நான் மறுவாரமே சாவியைக் கொடுத்துவிட்டு, மானாம்பதியில் வீட்டு முன்னறைக்குக் கடையை மாற்றிக்கொண்டேன். அங்கே வளையல் கேட்டு யாரும் வருவதில்லை.

இன்று சரக்கெடுக்கப் போனால், செல்வி கடை வாசலில் கோர்ட் அமீனா. கடையைப் பூட்டி, வாடகை பாக்கிக்காகத் தையல் மெஷின்களை ஜப்தி செய்ய வந்திருந்தார். ஒரு மெஷின் ஆட்டோவில் ஏறிவிட்டது. செல்வி அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. தோற்றது நான் மட்டும் இல்லை என்று.

அப்போது அவளுடைய வக்கீல் பைக்கில் வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். அப்பீல் முடியும்வரை காலி செய்ய வைக்கவும் கூடாது, ஜப்தி செய்யவும் கூடாது என்று மேல் கோர்ட் கொடுத்த ஸ்டே.

அமீனா அதை இரண்டு முறை படித்தார். "மெஷின எறக்குப்பா" என்றார்.

செல்வி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, ஸ்டே குட்த்துட்டாங்கக்கா!"

"அப்பீல் போவலாம்னு எனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"இன்னாக்கா, நான்தான சொன்னேன்? கோர்ட்டுக்கு யாரு அலைஞ்சிக்கினு கீறதுன்னு நீதான வுட்டுட்ட?"

சொன்னாள்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

வாயால் வாழ்த்திவிட்டேன். மனசு வாழ்த்த எத்தனை நாளாகும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.