சமத்துவம் வளர்த்த மிளகாய் நாற்று

பெரிய மனிதர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள், அவர்கள் பிறந்த அன்று மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். சமத்துவம் பிறந்த அன்று வானத்தை யாரும் கவனிக்கவில்லை. ஆகவே அவருடைய வரலாற்றை அவருடைய சலூனிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம்.

கடை பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. இரண்டு சுழல் நாற்காலிகள், எதிரெதிர் சுவர்களில் ஆள் உயரக் கண்ணாடிகள், சூரியனே கொஞ்சம் கூச்சப்படும் அளவுக்கு வரிசையாக டியூப்லைட்டுகள். 'சமத்துவம்' என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. முடி வெட்டி முடித்ததும் அவர் வாடிக்கையாளருக்குப் பின்னால் குந்தி, இடது கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கிருதாவும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். இருக்காது. வலது பக்கம் ஒரு நூல் குறைப்பார். இப்போது இடது பக்கம் நீளமாகத் தெரியும். அங்கேயும் ஒரு நூல். இப்படி இரு தரப்புக்கும் பாரபட்சமின்றி நீதி வழங்கப்பட்டதில், கிருதாவோடு வந்த பலர் கிருதா இல்லாமல் வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது.

கடையில் இத்தனை அதிகாரம் படைத்தவருக்கு வீட்டில் ஒரே ஒரு தடை உத்தரவு இருந்தது. உயிருள்ள எதையும் அவர் தொடக்கூடாது. உத்தரவு போட்டது வீட்டம்மா. காரணம் இல்லாமல் இல்லை. மகள் குழந்தையாக இருந்தபோது, நெற்றியில் விழுந்த முடியை அவர் சமப்படுத்தினார். அந்த மாதம் எடுத்த படத்தில் நெற்றிமுடி கிடையாது. நெற்றி மட்டும் இருக்கிறது, உச்சந்தலை வரை. பிறகு சென்ற வருடம், பால்கனியில் வீட்டம்மா உயிராக வளர்த்த மிளகாய்ச் செடிக்கு, சவரம் செய்து மிச்சமான கிருமிநாசினித் தண்ணீரைச் சுத்தம் கருதி ஊற்றினார். செடி, ஆஸ்பத்திரி வாசனையோடு செத்துப்போனது.

அது சாதாரண மிளகாய் அல்ல. குட்டையாக, நுனி வளைந்து, கடித்தால் காது வழியே புகை வரும் ரகம். எந்தக் கடையிலும் கிடைக்காது. காய்ந்த பழம் ஒன்று மட்டும் வீட்டம்மாவின் கைவசம் மிஞ்சியிருந்தது. அதன் விதைகளை, அடியில் ஓட்டை போட்ட தயிர்க் கப்புகளில் விதைத்து, சமையலறை ஜன்னலோரம் தட்டில் வைத்தார். ஒவ்வொரு கப்பிலும் ஒன்றாக முளைத்து, முதல் இரண்டு இலைகளை விரித்த நேரத்தில்தான், வெளியூரில் இருந்த மகளுக்குச் சொன்ன தேதிக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. பெட்டியைக் கட்டியபடியே வீட்டம்மா உத்தரவைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்.

"தண்ணிய மேல ஊத்தாதீங்க. தட்டுல கொஞ்சமா ஊத்துனா கீழேருந்து அதுவே உறிஞ்சிக்கும். அதுவும் மண்ணு காஞ்ச பிறகுதான். தினமும் தட்டைத் திருப்பி வைங்க, இல்லேன்னா வெளிச்சத்தைப் பாத்து ஒரே பக்கம் சாஞ்சிடும். வேற எதுவும் செய்யாதீங்க."

"வேற எதுவும்னா?"

"உங்களுக்குத் தோணுறது எதுவும்."

பேத்தி பிறந்தாள். மகள் போனில் எல்லாச் செய்தியும் சொல்லிவிட்டுக் கடைசியில் சிரித்தாள். "அப்பா, அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? நாத்து பொழைச்சாத்தான் பாப்பாவை உங்க கையில குடுக்கணுமாம்."

சமத்துவமும் பலமாகச் சிரித்தார். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை. அந்த வீட்டில் வேடிக்கையாகச் சொல்லப்பட்டவை எல்லாம் சட்டமாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆரம்பமே சரியில்லை. சமையலறை ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்து இருந்தது. கிடைக்காத வெளிச்சத்தைத் தேடி நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு, தலையைத் தாங்கமுடியாமல் தள்ளாடின. தன் கவலையை அவர் பேப்பர் மாமாவிடம் கொட்டினார். பேப்பர் மாமா தினமும் சலூனுக்குச் செய்தித்தாள் படிக்க வருகிறவர். முடி வெட்டிக்கொள்ள வருவதில்லை; வெட்டுவதற்கு அவர் தலையில் விஷயம் ஒன்றும் இல்லை. அதை ஒரு தொப்பி மறைத்திருந்தது.

"வெளிச்சம் பத்தல மாப்பிள்ளே," என்றார் மாமா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஊருக்கே லைட்டு போட்டு வெச்சிருக்கே. இங்க கொண்டாந்து வை."

மறுநாளே இரண்டாவது நாற்காலியில் தட்டு ஏறியது. நாற்காலியை மேலே தூக்கி விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். முன்னும் பின்னும் கண்ணாடி, அதனால் ஒரு வெளிச்சம் மூன்றாகியது. தட்டைத் திருப்பக்கூட வேண்டாம். நாற்காலியை ஒரு சுழற்று சுழற்றினால் போதும். காற்று பட்டால் தண்டு உறுதியாகும் என்று கேள்விப்பட்டு, முடி காயவைக்கும் டிரையரைச் சூடில்லாமல் வைத்து, காலையும் மாலையும் அதற்குக் காற்று காட்டினார். காத்திருந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"அண்ணே, அந்தச் சீட்டு காலியா?"

"கண்ணு தெரியலயா? ஆள் இருக்கு."

நாற்றுகள் பிழைத்தன. மூன்றாவது, நான்காவது இலைகள் வந்தன. அதோடு நின்றிருந்தால் இந்த வரலாறு எழுதவேண்டிய அவசியமே ஏற்பட்டிருக்காது. ஆனால் அவை ஒன்றுபோல் வளரவில்லை. வீட்டிலேயே நெட்டையாகிவிட்டவை தென்னை மாதிரி நின்றன. சில நடுத்தரம். சில, தட்டைவிட்டு எழுந்திருக்கவே யோசித்துக்கொண்டிருந்தன. சமத்துவம் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்கவும் முயன்றார். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த கடையில் அது எப்படி முடியும்?

வாடிக்கையாளர் யாரும் வராத ஒரு மதியம். மாமாவும் சாப்பிடப் போயிருந்தார். சமத்துவம் நாற்காலிக்குப் பின்னால் குந்தினார். இடது கண் தானாக மூடிக்கொண்டது. கை, கத்திரிக்கோல் இருந்த சட்டைப் பைக்குள் போனது. வெட்ட வெட்ட அடர்த்தியாக வளரும் என்று அவர் வாழ்நாள் முழுவதும் எத்தனையோ பேருக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்; அதை அவரே நம்பாவிட்டால் எப்படி? சீப்பைக் கிடையாகப் பிடித்து, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் எடுத்துவிட்டார்.

தட்டு முழுவதும் ஒரே மட்டம். கண்கொள்ளாக் காட்சி. குட்டைகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடுத்தரங்களுக்குக் கொழுந்து மட்டும் போனது. நெட்டைகளுக்கு இலைகளே போய் வெறும் குச்சி மிஞ்சியது. எல்லோரையும் ஒன்றாக்கும் திட்டங்கள் எல்லாவற்றிலும் உள்ள சிறு குறைதான் இதிலும் இருந்தது.

திரும்பி வந்த மாமா பேப்பரை எடுத்தவர், வைத்துவிட்டார். "என்ன மாப்பிள்ளே பண்ணி வெச்சிருக்கே?"

"சும்மா ஒரு டிரிம்."

"வளருமா?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க? வெட்டுனாத்தானே அடர்த்தியா வரும்?"

மாமா மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். டியூப்லைட்டுகள் அத்தனையும் அவர் தலையில் தெரிந்தன. "இதையும் நீதான் வெட்டுன," என்றார்.

நெட்டைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. சமத்துவம் பேத்தியின் படத்தைப் போனில் பார்ப்பார், தட்டைப் பார்ப்பார், போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஒருநாள் வீட்டம்மா வீடியோவில் வந்தார்.

"நாத்தைக் காட்டுங்க."

சமத்துவம் குட்டையான ஒன்றைக் காட்டினார். அதையே சற்றுத் திருப்பி இன்னொன்றாகக் காட்டினார். பிறகு கண்ணாடியில் காட்டினார்.

"எல்லாம் அச்சா ஒரே மாதிரி இருக்கே?"

"அதான என் தொழிலே!" என்று சொல்லி, சிக்னல் மேல் பழியைப் போட்டுப் போனை வைத்தார்.

கத்திரிக்கோலை மேசை இழுப்பறைக்குள் வைத்து, முடி வெட்டும்போது மட்டும் வெளியே எடுப்பது என்று ஒரு விரதம் மேற்கொண்டார். பழக்கதோஷத்தில் அது மறுபடி சட்டைப் பைக்கே வந்து சேரும். காற்று காட்டுவதும் தட்டில் தண்ணீர் வைப்பதும் மட்டும் தவறவில்லை. அப்படி ஒரு காலையில் டிரையரைப் பிடித்திருந்தபோது, எதிர்க் கண்ணாடியில் நாற்றின் பின்பக்கம் தெரிந்தது. கொழுந்து போன நடுத்தரங்களில், இலை தண்டோடு சேரும் இடுக்கில், கடுகளவு பச்சை. முன்னால் வந்து பார்த்தார். இந்தப் பக்கமும் ஒன்று.

"மாமா! வருது!"

"யாரு?"

"கிளை! ரெண்டு பக்கமும்! சமமா!"

மாமா எழுந்து வந்து பார்த்தார். பிறகு கண்ணாடியில் திரும்பி, ஒரு நப்பாசையில், தன் தலையின் பின்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

வீட்டம்மா வருகிற நாளைச் சொல்லவில்லை. அதுதான் அவருடைய வழி. பேருந்திலிருந்து இறங்கி, மகளும் பேத்தியும் பின்னால் வர, நேராகச் சலூனுக்குள் நுழைந்தார். முதல் நாற்காலியில் ஒருவர் ஒரு பக்கம் சவரம் முடிந்து, மறுபக்கம் நுரையோடு இருந்தார். வீட்டம்மா யாரையும் பார்க்கவில்லை. இரண்டாவது நாற்காலிக்குப் போய், ஒரு கப்பைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"இது வெட்டுப்பட்டிருக்கு."

நண்பனைக் காப்பாற்ற மாமா முன்வந்தார். "எலிம்மா. இங்க எலித் தொல்லை ஜாஸ்தி."

"எலி மட்டம் பாத்தா மாமா வெட்டும்?"

மாமா பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். சமத்துவம் சவரக்கத்தியைக் கீழே வைத்தார். "நான்தாம்மா. நெட்டையா இருந்ததெல்லாம் போயிடுச்சு. எல்லாம் ஒரே அளவா இருக்கட்டுமேன்னு..."

வீட்டம்மா மற்ற கப்புகளையும் பார்த்தார். மண்ணை விரலால் தொட்டார். ஈரம் அளவாக இருந்தது. தண்டை ஆட்டிப் பார்த்தார். கம்பி மாதிரி நின்றது. வெட்டுப்பட்டவற்றில் பக்கத்துக்கு ஒரு கிளை விட்டு, செடி புதர் கட்ட ஆரம்பித்திருந்தது. திட்டுவதற்காக எடுத்த மூச்சை அவர் பாதியில் விட்டார்.

"நெட்டைங்க எப்படியும் நின்னிருக்காது," என்றார் கடைசியில். "மிச்சம் நான் வளத்தத விட நல்லாத்தான் இருக்கு. அதுக்காக இதையே தொழிலா வெச்சுக்காதீங்க."

சமத்துவம் மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "மொதல்ல கையக் கழுவுங்க" என்றார். கழுவினார். "உக்காருங்க." காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்தார். வீட்டம்மா குனிந்து அவருடைய சட்டைப் பையைத் தடவினார். கத்திரிக்கோலை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். சீப்பையும் எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் குழந்தை அவர் மடிக்கு வந்தது.

சின்ன முகம், மூடிய கை. தலையில் முடி வலது பக்கம் புசுபுசுவென்று நின்றது. இடது பக்கம் ஒட்டிக் கிடந்தது. சமத்துவம் சற்றுக் குனிந்து பார்த்தார். இடது கண் மெல்ல, தானாக, மூட ஆரம்பித்தது.

"ரெண்டு கண்ணையும் தெறந்து பாருங்க!" என்றார் வீட்டம்மா.

இரண்டு கண்ணையும் திறந்தார். அப்படிப் பார்த்தபோது குழந்தையிடம் குறை எதுவும் தெரியவில்லை. குழந்தை அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டதால் நெடுநேரம் எழுந்திருக்கவும் முடியவில்லை. மறுபக்கச் சவரத்தை மட்டும் மாமாவின் தயவில் ஒருவழியாக முடித்துக்கொண்டு, அந்த வாடிக்கையாளர் கண்ணாடியைப் பார்த்தார். கடை திறந்த நாள் முதலாக, இரண்டு கிருதாவும் முழுசாக, ஒன்றுக்கொன்று கொஞ்சமும் சமமில்லாமல், அங்கிருந்து வெளியே போன முதல் மனிதர் அவர்தான்.