தொப்பூர் தாண்டிவிட்ட லாரி

எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தேன். ஆங்கில வினைச்சொல் மூன்று காலத்திலும் எடுக்கும் பன்னிரண்டு வடிவங்களைக் கட்டம் கட்டமாக எழுதிய சார்ட். அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம், ஆங்கில இலக்கியம். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவர்கள் இல்லை என்பதால் சார்ட்டைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லவில்லை. அம்மா மட்டும் ஒருநாள் கேட்டார்.

"என்ன சாமி இது?"

"காலமுங்கம்மா."

"அதுக்குத்தான் காலண்டர் இருக்குதே."

பன்னிரண்டில் என்னை அதிகம் வேலை வாங்கியது ஒரு கட்டம்தான். ஒரு செயல் முடிந்துவிட்டது, அதன் விளைவு இப்போதும் இருக்கிறது என்று சொல்லும் கட்டம். வண்டி ஓசூரைத் தாண்டியிருக்கிறது என்று அந்தக் கட்டத்தில் எழுதினால், எழுதும் நேரத்தில் வண்டி ஓசூருக்கு அந்தப்பக்கம் இருக்க வேண்டும். இதை நான் முழுமையாக நம்பினேன்.

அப்பா லாரி டிரைவர். வண்டி நாமக்கல்லில் இருக்கும் ஓனருடையது. லாரித் தொழிலில் வண்டி எங்கே என்று கேட்டால், வண்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் வழக்கம் இல்லை. மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். புக்கிங் ஆபீசிலிருந்து போன் வரும். "தொப்பூர் தாண்டிப்போட்டேனுங்க" என்பார். போனை வைத்துவிட்டு ரசம் கேட்பார். இது பொய் என்று யாரும் நினைப்பதில்லை. தொப்பூர் என்றால் இன்னும் கிளம்பவில்லை, கிருஷ்ணகிரி என்றால் தொப்பூர், ஓசூர் என்றால் கிருஷ்ணகிரியில் டீ என்று புக்கிங் ஆபீசுக்காரர் கழித்துக்கொள்வார். அம்மாவுக்கும் அந்தக் கணக்கு உண்டு. "ஊட்டுக்கு வந்துட்டேன்" என்று அப்பா போன் செய்தால் அம்மா அரிசியைத் தொடமாட்டார். "வண்டிய நிறுத்திப்போட்டேன்" என்றால் அரிசியைக் களைவார். தெருநாய் குரைத்தால்தான் அடுப்பைப் பற்ற வைப்பார்.

அந்த வருடம் ஓனருக்குப் பூனாவில் ஒரு கிடங்கோடு பேச்சு வந்தது. எங்கள் பக்கத்து சேகோ பேக்டரியிலிருந்து ஜவ்வரிசி மூட்டைகள் வாரம் ஒரு நடை போக வேண்டும். திரும்பும்போது சேலத்துக்கு வெங்காயம். சில நடை பார்த்துவிட்டு, சரிப்பட்டால் நிரந்தரம் என்றார்கள். அதுவரை அப்பா குஜராத் லைனில் போய்க்கொண்டிருந்தார். கிளம்பினால் மாதக் கடைசியில்தான் முகம் பார்க்கலாம். பூனா லைன் அமைந்தால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இருப்பார். இதைப் பற்றி அப்பாவும் அம்மாவும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நாட்டுக்கோழி ஒன்றைப் பேசி வைத்தார்.

கிடங்குக்காரர்கள் வாட்ஸ்ஆப்பில் ஒரு குரூப் தொடங்கினார்கள். வண்டி வரும் நேரம் தெரிந்தால்தான் மூட்டை இறக்கும் ஆட்களை வரச் சொல்ல முடியும் என்பதால் எல்லாச் செய்தியும் அதில் வர வேண்டும், ஆங்கிலத்தில் வர வேண்டும். வண்டியில் ஜிபிஎஸ் இருந்தது. வண்டி எங்கே போனாலும் அது நாமக்கல் பைபாஸில் நிற்பதாகவே காட்டியது. அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். "டிரைவர் பையன் இங்கிலீசு படிக்கறான், அவன் போடுவான்" என்று ஓனர் சொல்லிவிட்டார்.

முதல் நடை. லோடு ஏற்றிய வண்டி வீட்டு முன்னால் நின்றது. செவ்வாய்க்கிழமை காலையில் குரூப்பில் கேள்வி வந்தது: வண்டி எங்கே?

"கிருஷ்ணகிரி தாண்டியாச்சுன்னு போடு சாமி" என்றார் அப்பா.

"அப்பா, நீங்க இன்னும் பல்லே வெளக்குலீங்க."

"வெளக்கிப்போட்டுத்தானே போறேன்? போடு."

"தாண்டுனதுக்கு அப்புறம்தாங்கப்பா அப்பிடி எழுதோணும். அதுதான் அந்தக் கட்டம்."

"எந்தக் கட்டம்?"

சார்ட்டைக் காட்டினேன். அப்பா வேப்பங்குச்சியோடு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "இதுல லாரிக்குன்னு ஒண்ணும் இல்லியே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் சரியான கட்டத்தில் எழுதினேன். வண்டி எங்கள் வீட்டு முன்னால் நின்றுகொண்டிருக்கிறது, டிரைவர் குளித்துக்கொண்டிருக்கிறார், அரை மணி நேரத்தில் புறப்படுவார். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. எழுத்துப்பிழை இல்லாததற்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அப்பாவுக்கு அடிக்கடி போன் செய்து, இருக்கும் இடத்தை இருக்கும் இடமாகவே எழுதினேன். "செக்போஸ்ட்டுல கூட இத்தன கேள்வி கேக்கறதில்லடா" என்றார் சித்ரதுர்காவில். புதன்கிழமை இரவு, வண்டி நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்து சேரும் என்று எதிர்காலத்தில் எழுதினேன்.

ஒன்பது மணிக்கு வண்டி போய்ச் சேர்ந்தது. கிடங்கு பூட்டியிருந்தது.

ஆட்கள் வேறு பக்கம் இன்னொரு லாரிக்குப் போயிருந்தார்கள். அடுத்த நாள்தான் மூட்டைகளை இறக்கினார்கள். அதற்குள் வெங்காயம் வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டது. வேறு லோடு கிடைத்து அப்பா கிளம்பியபோது சனிக்கிழமை இருட்டிவிட்டது. முன்னறிவிப்பு இல்லாமல் வண்டி வந்துவிட்டது என்று கிடங்கு மேற்பார்வையாளர் குரூப்பில் புகார் போட்டார். ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டோம். கோழி, பேசி வைத்த வீட்டிலேயே மேய்ந்துகொண்டிருந்தது.

ஓனர் என்னை நாமக்கல்லுக்கு வரச் சொன்னார்.

"ஏன்டா தம்பி, வண்டி ஊட்டு முன்னால நிக்குதுன்னு எவனாச்சும் பார்ட்டிக்குச் சொல்லுவானா?"

"நின்னுதுங்களே."

"நிக்கறதையெல்லாம் சொல்லோணுமா? குளிக்கறாருன்னு வேற போட்டிருக்கற. உங்கப்பன் குளிச்சா அவனுக்கென்ன? ஒளுங்கா அவங்கிட்டப் பேசிச் சரிபண்ணு. இல்லீன்னா உங்கப்பன் மறுக்கா குஜராத்துக்குத்தான்."

மேற்பார்வையாளரிடம் பேச வேண்டிய வாக்கியங்களை பஸ்ஸில் வரும்போதே தயார் செய்தேன். வீட்டுக்கு வந்து அவருக்குப் போன் செய்தேன். அவர் மராட்டிக்காரர். அவருடைய ஆங்கிலத்திலும் எல்லாக் கட்டங்களும் இல்லை. நடந்தது, நடப்பது, நடக்கப்போவது எல்லாவற்றையும் நடந்துகொண்டிருப்பதாகவே பேசினார். அதனால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"காலை ஒன்பது மணி என்று எழுதியிருந்தேனே சார்" என்றேன்.

"உங்கள் பக்கத்து வண்டிகளை வருடக்கணக்கில் பார்க்கிறேன். காலை ஒன்பது என்றால் மறுநாள் காலை. அதற்குத்தான் ஆட்களை வரச் சொன்னேன்."

"முதல் நாளே வண்டி வீட்டு முன்னால் நிற்கிறது என்று சொன்னேனே சார்."

"கர்நாடகாவுக்குள் வந்துவிட்டோம் என்று எழுதினால் வண்டி வீட்டு முன்னால் நிற்கும். அது எனக்குத் தெரியும். வீட்டு முன்னால் நிற்கிறது என்று இதுவரை யாரும் எழுதியதில்லை. நீங்கள் இன்னும் லாரியே வாங்கவில்லை என்று நினைத்துவிட்டேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. நானும் சிரிக்கவில்லை. இனி எப்படி எழுதட்டும் என்று கேட்டேன்.

"எல்லோரும் எழுதுவது போல எழுதுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அப்பா செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார். லுங்கியை மாற்றிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீ எழுதுனது அத்தனையும் நெசந்தானே?"

"நெசந்தானுங்கப்பா."

"அதான் பாரு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

அடுத்த வாரம், இரண்டாம் நடைக்கு ஒரு தனிக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். வண்டி வீட்டு முன்னால் என்றால் கிருஷ்ணகிரி தாண்டியாச்சு. தும்கூர் என்றால் சித்ரதுர்கா. கோலாப்பூரில் அப்பா டீ குடித்தால் சதாரா தாண்டியாச்சு. எல்லாம் அந்த ஒரே கட்டத்தில். எழுதும்போது முதலில் கை கூசியது, ஹூப்ளிக்கு மேல் பழகிவிட்டது. கடைசியாக, புதன்கிழமை சாயங்காலமே வண்டி பூனாவுக்குள் வந்துவிட்டது என்று எழுதினேன். வியாழக்கிழமை காலை அப்பா போனபோது கிடங்கு திறந்திருந்தது, ஆட்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். மதியத்துக்குள் மூட்டைகள் இறங்கி, சாயங்காலம் வெங்காயம் ஏறியது. இனி வாராவாரம் இந்த வண்டியே வரட்டும் என்று மேற்பார்வையாளர் ஓனரிடம் சொல்லிவிட்டார். பையனின் ஆங்கிலம் இப்போது தெளிவாக இருக்கிறது என்றும் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வீட்டில் இருந்தார். கோழி குழம்பில் இருந்தது. இலையைப் போட்டு உட்கார்ந்த நேரத்தில் குரூப்பில் மேற்பார்வையாளர் கேட்டார்: டிரைவர் எங்கே? அடுத்த லோடு பற்றிப் பேச வேண்டும்.

"யாரு, பூனாக்காரனா?" என்றார் அப்பா.

"ஆமாங்கப்பா. எங்க இருக்கறீங்கன்னு கேக்கறாரு."

"உள்ளதையே போடு."

டிரைவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று எழுதினேன். என் சார்ட்டின்படியும் சரியான வாக்கியம். உடனே பதில் வந்தது.

"சரி. இன்னும் ஓசூர் பக்கம் இருப்பார் போல. வண்டி ஓட்டும்போது தொந்தரவு செய்ய வேண்டாம், நாளைக்குப் பேசிக்கொள்கிறேன்."

திருத்தி எழுதலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

"என்ன சொல்றான்?" என்றார் அப்பா, எலும்பைக் கடித்தபடி.

"நாளைக்குப் பேசறாராமுங்கப்பா."

அம்மா அப்பாவின் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார். நான் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன்.