ஓமான் மணலில் நான் பூட்டிய கதவு

அன்பான சகோதரங்களே, மகள் பிழைத்ததை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் எனக்கு நல்ல பெயர். ஆனால் பாதியைச் சொன்னால் அது பொய்ச்சாட்சி. முழுவதையும் சொல்கிறேன்.

போன ஈஸ்டர் விடுமுறையில் லண்டனிலிருந்து ஓமான் போனோம். பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்க ஆசை. நான், என் கணவர் ஜூட், ஆறு வயது மகள் அனிற்றா. வழிகாட்டி ஒருவரைப் பிடிப்போம் என்றேன். "சுவிசிலை பனிமலையெல்லாம் கார் ஓடினனான். இது வெறும் மணல்தானே?" என்றார் ஜூட். பெரிய கெட்டிக்காரர்! கோழி வாட்டும் அடுப்புக்கு இடம் போதாதென்று இரண்டு தண்ணீர்க் கேன்களை ஹோட்டலிலேயே விட்டவரும் அவர்தான். பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தவள் நான்.

மறுநாள் காலை கூடாரத்தைக் கழற்றிப் புறப்பட்டோம். கொஞ்சத் தூரத்திலேயே கார் மணலில் புதைந்தது. போனில் சிக்னல் இல்லை. உதவி தேடி ஜூட் நடந்து போனார். மதியமாகியும் வரவில்லை. கடைசித் தண்ணீரையும் குடித்துவிட்டு அனிற்றா அதையும் சத்தி எடுத்துக் கொட்டினாள். பிறகு அழுகையும் நின்றது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. செபமாலையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "மாதாவே, ஆரையாவது அனுப்பு! இப்பவே அனுப்பு!"

சற்று நேரத்தில் தூரத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. நீண்ட வெள்ளை அங்கியும் தாடியுமாக ஒரு முதியவர் இறங்கி வந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் காலில் விழுவார்கள். நான் காரின் நாலு கதவையும் பூட்டினேன். அவர் கண்ணாடியைத் தட்டித் தண்ணீர்ப் போத்தலைக் காட்டினார். "போ! போ!" என்று கையை வீசினேன். அந்த மனிதர் எனக்கு என்ன செய்தார்? ஒன்றுமில்லை. தாடியைப் பார்த்தே தீர்ப்பெழுதிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. போத்தலைக் கதவடியில் வைத்தார். தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டியபடி சுடுமணலில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் கதவைத் திறந்தேன். எவ்வளவு நேரத்தை வீணாக்கினேனோ, இன்றும் தெரியாது.

மகளின் தலையை நனைத்து, உதட்டில் துளித்துளியாக விட்டேன். அவர் எங்களைத் தன் பிக்கப்பில் ஏற்றினார். வழியில் தள்ளாடிக்கொண்டிருந்த ஜூட்டையும் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிள்ளை தப்பிவிட்டாள் என்று டாக்டர் சொன்னதும் வெளியே ஓடினேன். அந்த முதியவர் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை, பாவி நான்.

எங்கள் செபக்கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தார். "பிள்ளை, அது மனிசனில்லை, சம்மனசு, மாதா அனுப்பின வானதூதர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இல்லை அன்ரி, மனிசன்தான். பள்ளிவாசலுக்குப் போற மனிசன். அவையள் எங்கட றோட்டிலை வீடு வாங்கினா நாங்கள் என்ன கதைக்கிறனாங்கள்?"



அனிற்றா இன்று துள்ளித் திரிகிறாள். ஆண்டவருக்குக் கோடி நன்றி. நான்கு வருடமாக முகம் பார்க்காத பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கு இப்போது வணக்கம் சொல்கிறேன், வெட்கத்தோடுதான். நீங்களும் நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் அனுப்புவார். ஆனால் யாரை அனுப்புவதென்று அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன்.