கறுப்பு மையில் மட்டும் தெரிந்தவள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்களை நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில், பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடந்தது.

படங்களை அச்சுக்குத் தயார் செய்வது என் வேலை. அன்று வந்தது ஒரு நீச்சல் பள்ளியின் விளம்பரத் தாள். ஆளே இல்லாத குளம். கண்ணைப் பறிக்கும் நீலத் தண்ணீர். அதே பள்ளியின் விடுமுறை வகுப்பில்தான் என் ஆறு வயது மகளையும் சேர்த்திருந்தேன். அன்று மூன்று மணிக்கு அவளுடைய முதல் வகுப்பு.

கம்ப்யூட்டர் திரையில் நிறம் ஒளியால் வருகிறது. அது ஆர்ஜிபி. அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை. அது சிஎம்ஒய்கே. முன்னதிலிருந்து பின்னதுக்கு ஒரே ஒரு தடவைதான் மாற்ற வேண்டும். மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நிறம் செத்துப்போகும். எங்கள் அச்சகத்தில் டீ கொண்டு வருகிறவருக்கே தெரிந்த பாடம் அது.

2.10க்கு மாற்றினேன். எதிர்பார்த்தபடியே நீலம் மங்கியது. எந்த மை எங்கே விழுகிறது என்று நான்கையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தேன். நீலத்தில் தண்ணீர். சிவப்பில் லேசான நிழல். மஞ்சளில் அதுவும் இல்லை. கறுப்பில்... குளத்தின் விளிம்பில் ஒரு சிறுமி நின்றிருந்தாள். கட்டைவிரல் உயரம். முதுகு மட்டும் தெரிந்தது.

படத்தைத் திரும்ப ஆர்ஜிபிக்குக் கொண்டுபோனேன். யாரும் இல்லை. சாப்பிட்ட மயக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2.26. மறுபடியும் மாற்றினேன். செய்யக் கூடாதுதான்... கை கேட்கவில்லை.

விளிம்பில் அவள் இல்லை. தண்ணீருக்கு மேலே இரண்டு சின்னக் கைகள் மட்டும் இருந்தன.

சொட்... சொட்...

என் நாற்காலிக்குப் பின்னால் கேட்டது. அந்த அறையில் குழாயே கிடையாது. குளோரின் வாடை மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

2.41. மூன்றாவது தடவை.

அடியில் கிடந்தாள்.

சொட்டும் சத்தம் நின்றது.

மகளை வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்த என் கணவருக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"இப்பதான் உள்ள வந்தோம். டிரஸ் மாத்திட்டு இருக்கா."

"அவளைத் தண்ணில இறக்காதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"என்னாச்சு உனக்கு?"

"சொல்றதைக் கேளுங்க."

"சரி... இங்க மேனேஜர்கிட்ட என்ன சொல்ல?"

"காய்ச்சல்னு சொல்லுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் வகுப்புக்குப் போக முடியாத கோபத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வைத்துக்கொள்ளட்டும். உயிரோடு இருக்கிறாளே, எனக்கு அது போதும்.

மறுநாள் காலை 9.20க்கு நீச்சல் பள்ளி மேனேஜர் அச்சகத்துக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அந்த வேலையை நிறுத்திடுங்கம்மா. நேத்து வகுப்புல ஒரு குழந்தை... எடுக்கும்போதே உயிர் இல்ல."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"யாரு?"

"பக்கத்துத் தெருப் பொண்ணு. ஆறு வயசு. இடம் இல்லாம காத்துட்டு இருந்தா. உங்க பொண்ணுக்குக் காய்ச்சல்னு சொன்னதும் நான்தான் போன் பண்ணி அவளை வரச் சொன்னேன். ஓடி வந்தாம்மா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் மூன்றாவது தடவை மாற்றியதற்கும் வகுப்பு தொடங்கியதற்கும் நடுவே பத்தொன்பது நிமிடம் இருந்தது. மேனேஜரின் நம்பர் என் போனில் இருந்தது. வகுப்பை நிறுத்துங்கள் என்று நான் அவரைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை.